மணித்திட்டில் பிள்ளை பெறத் தடை

கழிமுக நாட்டின் தென்கோடியில், கடல் தினமும் இரண்டு தடவை மனம் மாறுகிற ஓர் இடம் இருந்தது. மணித்திட்டு என்று அதற்குப் பெயர். கடல் ஏறினால் அது தீவு. வற்றினால் ஈர மணலில் ஒரு பாதை தெரியும். கரைக்கு நடந்தே போய்விடலாம். திட்டின் உச்சியில் மிகப் பழைய துறவியர் மடம் ஒன்று. அதன் காலடியில் கொஞ்சம் வீடுகள். அவற்றில் ஒன்றில் ரெஞ்சிதம் டீக்கடை வைத்திருந்தாள். அவள் கணவன் தொம்மை நண்டு பிடிப்பவன், வாய் திறக்காதவன். அவன் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

இரண்டு முறை கலைந்துபோன வயிற்றில் மூன்றாவதாக ஒரு பிள்ளை தங்கியிருந்த வேளையில்தான் மடத்துக்கு அந்தப் பெருமை வந்தது. எங்கோ தூர தேசத்தில் கூடிய அறிஞர் சபை, மணித்திட்டு முழுவதும் மனித குலத்துக்கே சொந்தமான பாரம்பரியச் சின்னம் என்று தீர்மானித்தது. நாட்டை ஆண்டவருக்குப் பெருங்காவலர் என்று பட்டம். மடத்தைத் தாமே கல் சுமந்து கட்டியதுபோல அவர் ஊரெங்கும் தம் படத்தை ஒட்டச் செய்தார். திட்டில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். ரெஞ்சிதம் வயிற்றைக் காட்டி இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

லட்டுக்குப் பின்னால் பாரம்பரியக் காப்பு ஆணையர் சேனாதிராயர் வந்தார். தோளில் பொன்னாடை, பின்னால் உதவியாளர்கள். பிரகடன நாளில் திட்டில் இருந்த கல், கதவு, ஆடு, ஆள் அனைத்தையும் எண்ணி முடித்தார்கள். பிறகு ஆணையர் மடத்து வாசலில் நின்று முதல் ஆணையை வாசித்தார்.

“எது எப்படி இருந்ததோ, அது அப்படியே என்றென்றும் இருக்கும். கூட்டுதல் குற்றம். குறைத்தல் குற்றம். மாற்றுதல் பெருங்குற்றம்.”

சனங்கள் கைதட்டினார்கள். நல்லதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தார்கள்.

முதலில் அகப்பட்டவர் மடத்துத் தலைவர் இஞ்ஞாசி அடிகள். போன மழையிலிருந்து ஜெபக்கூடம் ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றுவதற்கு ஓடு வாங்கி வைத்திருந்தார். ஆணையர் ஏணியைப் பிடித்துத் தடுத்துவிட்டார். “அடிகளாரே, தாங்கள் ஒழுகல் என்று கருதுவது இக்கூடத்தின் வரலாற்று ஈரம்” என்றார். கீழே வைத்திருந்த வாளியும் கணக்கில் ஏறியிருந்தது, அதுவும் பாதி நிறைந்த வாளியாக. எனவே அதைக் காலி செய்யக் கூடாது. குடைகள் கணக்கில் இல்லாததால் துறவிகள் நனைந்தபடியே பாடினார்கள்.

அடுத்து, படகுக்காரக் கிழவர் கஸ்பார் செத்துப்போனார். அவருக்கு அந்த அனுமதி கிடையாது என்று உதவியாளர் ஒருவர் வந்து விளக்கினார். வீட்டார் சத்தமில்லாமல் அழுது, சத்தமில்லாமல் அடக்கம் செய்தார்கள். அரசாங்கக் கணக்கில் அவர் நலமாக இருந்தார். உதவியாளர் டீ குடிக்க வரும்போதெல்லாம் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பார். “இப்பல்லாம் முன்ன மாதிரி பேசுறதில்ல ஐயா” என்று ரெஞ்சிதம் சொல்வாள். அவர் அதையும் குறித்துக்கொள்வார்.

ஒருநாள் ஆணையரே கடைக்கு வந்தார். டீயை ஆற்றிக்கொண்டே அவள் வயிற்றைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கணக்கில் ‘கர்ப்பிணி, ஒன்று’ என்று இருந்தது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

“அம்மணி, தாங்கள் பிரசவித்தால் கர்ப்பிணி ஒருவர் குறைகிறார். குழந்தை ஒன்று கூடுகிறது. ஒரே செயலில் இரண்டு குற்றம்.”

“அதுக்கு நான் என்ன செய்ய ஐயா? உள்ள இருக்கிறது உங்க ஆணைய வாசிச்சுக்கிட்டா இருக்கு?”

ஆணையர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு தலைநகரத்துக்கு எழுதினார். மறு உத்தரவு வரும்வரை தற்போதைய நிலையே நீடிக்கலாம் என்று பதில் வந்தது.

வந்த கிராக்கிகளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் ரெஞ்சிதம். கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து, மீதி நாட்களை விரல்விட்டு எண்ணினாள். மருத்துவச்சி அருளாயி இருப்பது கரையில். அவள் திட்டுக்கு வந்தால் ஆள் ஒன்று கூடும். ரெஞ்சிதம் கரைக்குப் போனால் அது சின்னத்தைக் கடத்துதல். போன இரண்டு தடவையும் அருளாயி வந்து சேர்வதற்குள்தான் எல்லாம் முடிந்துபோயிருந்தது. இதையெல்லாம் புருஷனிடம் சொன்னாள். தொம்மை வலையை மடித்து வைத்துவிட்டு வாய் திறந்தான்.

“வலி வந்தா நடந்துருவோம். கடல் வத்திருந்தா மணல்ல. இல்லாட்டி என் தோள்ல.”

உச்சிவெயிலில் வலி வந்தது. நல்லவேளை, கடல் வற்றியிருந்தது. தொம்மை அவளைத் தாங்கிப் பிடித்து மணலில் இறக்கினான். செய்தி அறிந்த அருளாயி எதிர்க்கரையிலிருந்து நடக்கத் தொடங்கியிருந்தாள். பாதி வழியில் மூச்சிரைக்க ஓடிவந்த ஆணையர் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அவருக்குப் பின்னால் இஞ்ஞாசி அடிகள், அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி.

திரும்பிப் போனால் குழந்தை தீவில் பிறக்கும், தம் வேலை போய்விடும் என்றார் ஆணையர். கரைக்குப் போனால் சின்னம் கடத்தப்படும், தம் தலையே போய்விடும் என்றார். ரெஞ்சிதம் தொம்மையின் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். தொலைவில் அலை திரும்பிக்கொண்டிருந்தது.

ஆணையர் திட்டைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். காலடியில் கிடந்த மணலைப் பார்த்தார்.

“இங்கேயே பெற்றுவிடுங்கள், அம்மணி” என்றார். “இது தீவும் அல்ல, கரையும் அல்ல. இந்த மணலைப் பற்றி எந்த ஆணையிலும் ஒரு சொல்கூடக் கிடையாது.”

“சரி. மொதல்ல அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

திரும்பி நின்றார். அருளாயி கேட்டதும் பொன்னாடையைக் கழற்றிக் கொடுத்தார். அதன் ஒரு முனையை அடிகளும் மறுமுனையை அவருமாக மறைப்புக்குப் பிடித்தார்கள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது பெண் குழந்தை வீறிட்டது. தாய்க்குச் சுகந்தானா என்று ஆணையர் திரும்பாமலே கேட்டார். யார் முன்னாலும் அழாத ரெஞ்சிதம் அன்றைக்கு விம்மி விம்மி அழுதாள்.

பிறகு அவள் திட்டுக்கே திரும்பினாள். சோதனைக்கு ஆள் வரும்போது வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொள்வாள்; கர்ப்பிணி ஒன்று, சரியாக இருந்தது. குழந்தையோ எந்தக் கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாதது தம் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்ட ஆணையர், யாரும் பார்க்காதபோது அதைத் தூக்கிக் கொஞ்சினார்.

தேர்தல் நெருங்கியது. மணித்திட்டு பற்றிய அறிக்கைகளைப் பெருங்காவலர் வாசித்தார். சாகாத கிழவர், பெறாத கர்ப்பிணி, ஒழுகலைப் பற்றி முணுமுணுக்காத துறவிகள். அவர் மனம் குளிர்ந்தது. நாடு முழுவதையும் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்.

அன்றுமுதல் சாலைக் குழிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். மின்வெட்டு நேரம் தவறாமல் பாதுகாக்கப்பட்டது. போன தேர்தலில் யார் யாருக்கு வாக்களித்தார்களோ அதுவும் பாரம்பரியமே என்பதால், மக்களுக்குச் சிரமம் வேண்டாமென்று அரசே அவர்கள் வாக்கைப் போட்டுவிட்டது. கஸ்பார் கிழவர் உட்பட எல்லாரும் பெருங்காவலருக்கே வாக்களித்திருந்தார்கள். வரலாற்று வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் நாடெங்கும் சூல்கொண்ட பெண்கள் மறு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. புதிய ஆணையிலும் பெயர் வராத அந்த மணலைப் பற்றிய சேதி டீக்கடையிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போயிற்று. வண்டி கட்டிக்கொண்டும் பஸ் பிடித்தும் பெண்கள் வந்தார்கள். அருளாயிக்கு ஓய்வில்லை. திரும்பி நிற்பதில் சேனாதிராயருக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது. கடல் இனி வற்றக் கூடாது, ஏறியே இருக்க வேண்டும் என்று தலைநகரம் ஓர் ஆணை அனுப்பியது. அதை மணலில் நின்று வாசித்த அதிகாரி பாதியிலேயே கரைக்கு ஓட வேண்டியதாயிற்று. கடல் உடனே கீழ்ப்படிந்திருந்தது. அன்று மாலை அது வழக்கம்போல வற்றியது.

அப்படி வற்றியிருந்தபோதுதான் திரை போட்ட கார் ஒன்று கரையில் வந்து நின்றது. உள்ளே பெருங்காவலரின் மருமகள், நிறைமாதம். பெருங்காவலரே கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மணலில் இறங்கி வந்தார். பிரசவத்துக்கு வரிசையில் நின்ற பெண்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்த ரெஞ்சிதத்தை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

“இங்கே பிறக்கும் குழந்தையை எந்த ஆணையும் தொடாது என்கிறார்களே, உண்மைதானா?”

“உண்மைதாங்க ஐயா. எந்தக் கணக்குலயும் வராது.”

“வளர்ந்த பிறகு? யாருக்கு வாக்களிக்க வேண்டும், என்ன பேச வேண்டும் என்று…”

“ஒருத்தரும் சொல்ல முடியாது. அதுங்க இஷ்டம்.”

பெருங்காவலர் நிம்மதியாக மூச்சு விட்டார். தம் வாரிசுக்கு அது போதும் என்றார். மருமகளை முன்னால் விடச் சொன்னார். ரெஞ்சிதம் கெட்டிலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, வரிசையின் முடிவு இருந்த திசையைக் காட்டினாள்.

“அங்க போய் நிக்கச் சொல்லுங்கய்யா. இவங்க வயித்துல இருக்கிறதும் அதே மாதிரி, ஒருத்தரும் சொல்ல முடியாத பிள்ளைங்கதான்.”

பெருங்காவலர் அப்போதுதான் வரிசையைப் பார்த்தார். அது மணலைக் கடந்து, கரையேறி, சாலை வளைவுக்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்தது. அவர் விரல் நீட்டி வயிறுகளை எண்ணத் தொடங்கினார். சற்று நேரத்தில் விரலை மடக்கிக்கொண்டார்.