முக்காலித் தகடு கொண்ட படலம்

வாழ்க அவர் வலக்கை ஆள்காட்டி விரல்! வாழ்க, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் முகங்களையே நோக்கி நோக்கித் தன் முகத்தை மறந்துபோன அவர் வலக்கண்! வெண்திரை முன் அமர்ந்த பத்தாயிரம் பேரை "மோவாயக் கொஞ்சம் தூக்குங்க" என்னும் ஒற்றை ஆணையால் அண்ணாந்து பார்க்கச் செய்தவர். காவல்துறை அதிகாரியின் காலரையே கேட்காமல் இழுத்துச் சரிசெய்த கலங்கா நெஞ்சினர். சிரிக்கும் குழந்தையை அழவைத்து, அழும் குழந்தையைத் தூங்கவைத்து, தூங்கும் குழந்தையைப் படமெடுத்துக் கொடுப்பவர். எதற்கெடுத்தாலும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லித் தெருவையே காக்கவைத்ததால் ஒருநிமிஷம் என்னும் விருதுப்பெயர் பெற்று, சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே அடையாளம் தெரியாத பெருநிலை எய்தியவர். அந்த ஸ்டூடியோ வேந்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஆற்றிய அரும்போரைச் சொல்லப் புகுந்தோம். திருகாணிகளைக் காக்கும் சிறுதெய்வம் எதுவோ, அது எங்கள் நாக்கையும் கழன்றுவிடாமல் காக்கட்டும்.

காரணமில்லாமல் வீரர் வெகுள்வதில்லை. அவருடைய மைத்துனியும் சகலையும் ஆறு வயது இரட்டைப் பிள்ளைகளோடு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குக் கார் வரும். விமானம் ஏறினால் இனி நான்கு வருடம் கழித்துத்தான் பார்க்க முடியும். காலையில், இட்ட வேலை எதுவுமின்றி, இரட்டையர் கூடத்தில் குப்புறப் படுத்துக் குடும்ப ஆல்பத்தைப் புரட்டினர். மூத்தது, அதாவது ஏழு நிமிடம் மூத்தது, தலையைத் தூக்கிக் கேட்டது:

"பெரியம்மா, ஒரு படத்துலகூட பெரியப்பா இல்லையே. உங்களுக்குள்ள சண்டையா?"

"அவர் அப்பப் பொறந்திருக்க மாட்டார்" என்று விளக்கம் தந்தது இளையது.

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தாலும் உள்ளே சுருக்கென்றது. எல்லோரும் எழுந்து போன பிறகு ஆல்பத்தைத் தாமே முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். மகள் தத்தித் தத்தி நடந்தாள். எதிரே அவர் இல்லை. புது வீட்டு வாசலில் குடும்பம் நின்றது, அவர் இல்லை. தம் சொந்தக் கல்யாணத்திலேயே, அமர்த்திய படக்காரரின் வெளிச்சம் பிடிக்காமல் மேடையை விட்டு இறங்கி அவரே காமிராவை வாங்கிக்கொண்டதால், மணப்பெண் பக்கத்து நாற்காலியில் ஒரு மாலை மட்டும் உட்கார்ந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரரை நம்பிக் காமிராவைக் கொடுத்ததில் பதினாறு செருப்புகளின் துல்லியமான படம் ஒன்று கிடைத்திருந்தது. அதில் அவர் இருந்தார், கணுக்கால் வரைக்கும்.

எழுந்தார் ஒருநிமிஷம். இடியேறு போல் முழங்கினார், சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு முறை முழங்கினார்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! நாலரைக்கு ரெடியா நிக்கணும். காமிராவ டிரைபாட்ல வச்சு, டைமர் போட்டு, நானும் ஓடி வந்து உங்ககூட நிக்கப் போறேன்!"

ஆனால் விதி வலியது, அதனினும் வலியது பழுதுபார்க்கும் கடை. முக்காலி என்று நாம் மரியாதையாக விளிக்கும் டிரைபாட்டின் தலைக்கும் காமிராவின் அடிவயிற்றுக்கும் நடுவே, தீப்பெட்டி அளவில், பிளேட் என்றொரு உலோகத் தகடு உண்டு. ஒரு திருகாணியால் அது காமிராவைப் பற்றும். முக்காலித் தலையிலுள்ள கவ்வி அதைப் பற்றும். அது இல்லாத முக்காலி துண்டு காயப்போடத்தான் ஆகும். அந்தத் தகடு, சென்ற வாரம் பழுதுக்குப் போன இன்னொரு காமிராவின் வயிற்றில் ஒட்டியபடியே ஊர்வலம் போய்விட்டது என்பது பிற்பகல் இரண்டரைக்குத்தான் தெரிந்தது.

"டேபிள் மேல நாலு புத்தகத்த அடுக்கி, அது மேல வச்சு எடுங்களேன்" என்றார் மனைவி, சூட்கேசின் மேல் உட்கார்ந்து அதை மூட முயன்றபடி.

புத்தகத்தின் மேல் காமிராவா! உலையிலிட்ட இரும்பாகச் சிவந்த முகத்தோடு, கடைக்குப் போய்ப் புதுத் தகடு கொண்டே திரும்புவதென்று சூளுரைத்துச் செருப்பைத் தேடினார்.

இங்கேதான், பெருமக்களே, வேறெந்தத் தொழிலாளியும் செய்யாத பிழையை அவர் செய்தார். தச்சராயிருந்தால் கவ்வியை அளந்திருப்பார். தையல்காரரும் அளந்திருப்பார். எந்தத் தொழிலும் இல்லாதவர் முக்காலியையே தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பியிருப்பார். நம் வேந்தரோ படக்காரர்; ஆகையால் கவ்வியைப் படமெடுத்தார். சன்னலோரம் முக்காலியை நிறுத்தி, பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, நிழல் கடுமையாய் விழாதிருக்க மகளை ஒரு தெர்மோகோல் பலகையுடன் பதினெட்டு நிமிடம் நிற்கவைத்து, பன்னிரண்டு முறை எடுத்து, பதினொன்றை அழித்து, எஞ்சிய ஒன்றைக் காமிராவின் முதுகுத் திரையில் ஏந்தியபடி படை நடத்திச் சென்றார். போகும் வழியில் இரண்டு முறை அதைப் பார்த்துத் தாமே மெச்சிக்கொண்டார்.

காமிராக் கடைக்காரர் தாளில் கட்டம் போட்டுக் கணக்குப் புதிர் ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திரையை வாங்கிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"அடடா, என்ன லைட்டிங் சார்! நகை விளம்பரம் மாதிரி இருக்கு. சரி, இது அகலம் எவ்வளவு?"

திரைக்குள் கவ்வி தகதகத்தது. பக்கத்தில் ஒரு நாணயமோ விரலோ தீக்குச்சியோ இல்லாத அந்தத் தூய வெண்மையில், அது விரலளவும் இருக்கலாம், வீட்டளவும் இருக்கலாம். ஒருநிமிஷம் தம் வாழ்நாளில் முதன்முறையாக "ஒரு நிமிஷம்" என்று தயங்கிச் சொன்னார்.

கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து கண்ணாடி மேசை மேல் கவிழ்த்தார். ஆகா, அந்தப் படைப்பெருக்கை எப்படிப் பாடுவோம்! சதுரத் தகடுகள் வந்தன; அறுகோணத் தகடுகள் வந்தன; அப்பளம் போல் வட்டமாய்ச் சில வந்தன. ஓரம் சரிந்து கவ்விக்குள் வழுக்கிப் புகும் மெல்லிடைத் தகடுகளும், காலாட்படைக்குப் பின் நிற்கும் யானைகளாய்ச் சாண் நீள வீடியோத் தகடுகளும், காமிரா திரும்பிவிடாதிருக்க முதுகில் முளை தாங்கியவையும், முளை ஒடிந்து பதவியிழந்தவையும், ரப்பர் போர்த்தியவையும், கார்க் போர்த்தியவையும், நாணயத்தால் திருகுவனவும், அறுகோணச் சாவியாலன்றி அசைய மறுப்பனவும், கையாலேயே திருகலாம் என்று ஆசைகாட்டிப் பிறகு நகத்தைப் பெயர்ப்பனவுமாக, கறுப்பும் சாம்பலும் ஓரிரு சிவப்புமாய், நாற்பத்தோரு தகடுகள் அணிவகுத்து நின்றன. சுவரில் மணி மூன்று இருபது.

பாய்ந்தார் வேந்தர். காமிரா கையோடு இருந்ததால் ஒரு பக்கத்துப் போரையாவது நேரில் நடத்த முடிந்தது. பெருந்திருகாணித் தகடுகள் காமிராவின் சிறுதுளைக்குள் நுழையாமலே மாண்டன. முளைத்தகடுகள் அடிவயிற்றில் மட்டமாய் உட்காராமல் தள்ளாடி வீழ்ந்தன. யானைத்தகடுகள் பேட்டரிக் கதவை மூடிக்கொண்டு திறக்க விடாததால் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டன. கார்க் வகையின் மேல் அவருக்குத் தனிப்பட்ட பகை இருந்தது. ஈரக் காலத்தில் உப்பும் என்றார், கடைக்காரர் கேட்காமலே. வியர்வை ஆறாய்ப் பெருக, பெருவிரல் நகம் ஒன்று விழுப்புண் கொள்ள, நாற்பத்தொன்று பத்தொன்பதாகி, பத்தொன்பது ஏழாகி, ஏழு இரண்டாகியது. இரண்டும் ஓரம் சரிந்தவை. இரண்டும் ரப்பர் போர்த்தியவை. ஒன்றின் அகலம் மற்றதைவிடத் துளியளவு கூடுதல். கவ்வி எதை ஏற்கும் என்பதைக் கவ்வியே அறியும். மணி நான்கு ஐந்து.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்களேன். சேராதத நாளைக்குக் கொண்டாங்க" என்றார் கடைக்காரர்.

இவ்வளவு எளிதான சொல்லைக் கேட்பதற்காகவா இருபத்திரண்டு ஆண்டுகள் தொழில் செய்தார்! அனுபவசாலி ஒருவர் இரண்டு தகடுகளோடு வீடு திரும்புவதா? சகலை என்ன நினைப்பார்? வேண்டாம் என்று கையசைத்து, அரண்மனைக்குத் தூது விடுத்தார், அதாவது மனைவிக்குப் போன் போட்டார்.

"அந்தக் கவ்விய ஸ்கேல் வச்சு அளந்து சொல்லு."

"எதுக்குள்ள எத அளக்கணும்? கார் வர்ற நேரம்ங்க. இந்தாங்க, மூணு புள்ளி எட்டு சென்டிமீட்டர் வருது."

"மேல் விளிம்பா, அடி விளிம்பா?"

"எனக்கென்னங்க தெரியும், விளிம்பு!"

"சரிவா இருக்கும் பாரு. மேல குறுகும், கீழ விரியும்..."

மறுமுனையில் ஸ்கேலைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. பிறகு மனைவி, கோபமில்லாமல், மெல்லச் சொன்னார்: "நீங்க வாங்க. எதுல வச்சு எடுத்தா என்ன, நீங்க பக்கத்துல நின்னா போதும் எனக்கு."

நாற்பத்தோரு தகடுகளுக்கும் அசையாத நெஞ்சு அந்த ஒரு பேச்சில் ஆடிவிட்டது. கண்ணை இறுக மூடி, இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கவ்வியைத் திறந்து மூடிய தம் வலக்கையைக் கேட்டார். கை குறுகிய தகட்டைப் பற்றியது. காமிராவில் பூட்டினார், புறப்பட்டார். இருக்கும் ஆட்டோக்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் இருந்ததால் ஓட்டமும் நடையுமாய் வந்தார்.

வீடு சேர்ந்தபோது மணி நான்கு ஐம்பது. முக்காலி கூடத்தில் காலூன்றி நின்றது. சன்னல் வெளிச்சம் பாலாய் வழிந்தது. குடும்பம் மூச்சடக்கிப் பார்த்திருக்க, தகட்டின் சரிந்த ஓரம் கவ்வியின் சரிந்த ஓரத்தைத் தேடி, தொட்டு, தயங்கி, வழுக்கி உட்புகுந்து, "டக்" என்ற ஒலியோடு அமர்ந்தது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. முக்காலியோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தார்; முக்காலியே வந்தது, தகடு விடவில்லை. இரட்டையர் கைதட்டினர். சகலை, "மயிரிழை பிசகல, கரெக்ட்டா வாங்கியிருக்கீங்க" என்று ஒப்புக்கொண்டார். வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. வென்றார் ஒருநிமிஷம்!

இனி அணிவகுப்பு. தம்மோடு வசிக்கும் மாமியாரை நடு நாற்காலியில் இருத்தினார். மைத்துனியையும் சகலையையும் இடப்புறம் நிறுத்தினார். மகள் பின்னால், இரட்டையர் முன்னால், கைகட்டி. வலப்புறம் மனைவி, அவர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக விடப்பட்டது. மனைவி அந்த இடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வேந்தர் குனிந்து கண்ணைப் பதித்தார். அந்தோ, அந்தச் சிறு சதுரத்துக்குள் எத்தனை அழகு! எல்லா மோவாயும் ஏற்ற அளவில் உயர்ந்திருந்தன, எல்லாக் கண்ணும் திறந்திருந்தன, இரட்டையர்கூட ஒரே நேரத்தில் ஒரே திசையில் பார்த்தார்கள், மாமியார் சிரித்தார். ஒரே ஒரு குறை, வலது ஓரத்தில் ஒரு வெற்றிடம், படத்தின் சமநிலையையே கெடுத்தபடி. தொழில் அவர் தொண்டையில் ஏறி முழங்கியது:

"அங்க என்ன கேப்பு? ஒட்டி நில்லுங்க, ஒட்டி நில்லுங்க!"

இருபத்திரண்டு ஆண்டு ஆணைக்குப் பழகிய மனைவி சட்டென்று ஒட்டி நின்றார். விரல் இறங்கியது, வாழ்நாளின் மிகச் சிறந்த குடும்பப் படம், ஒரு முகம் பிசகாமல், ஒரு நிழல் தப்பாமல், ஒரு மயிரிழை அசையாமல் பதிவாயிற்று, "வந்துடுச்சா? நேரமாச்சு!" என்று சகலை சூட்கேசைத் தூக்க, இரட்டையர் காருக்கு ஓட, மாமியார் கண்ணைத் துடைக்க, மைத்துனி அக்காவைக் கட்டிக்கொள்ள, அணி முழுதும் கலைந்து வாசலுக்குப் பெருக்கெடுத்துப் போன பின்னும், அசையாத முக்காலியருகில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார் வெற்றிவேந்தர்.

அவர் டைமர் போட மறந்துவிட்டார்.