ஒன்றாம் எண் சட்டை

மேட்டி கிரஹன் வீட்டு முற்றத்தில் ஃபின்டன் டூலி பத்து நிமிடமாக ஜீப்பை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். "ஞாயித்துக்கிழமை நீ ஆடலை." ஜீப்புக்குள் தனியாகச் சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது.

மேட்டி, கில்பிராக் ஊர் ஹர்லிங் அணியின் கோல் கீப்பர்; ஹர்லிங் என்பது மட்டையால் பந்தை அடித்து ஆடும் அயர்லாந்து ஆட்டம். காலிறுதியில் ஐந்து கோல் விட்டான். அதில் ஒன்று அவன் இரண்டு காலுக்கும் நடுவே, நடக்கிற வேகத்தில் உருண்டு போனது. முன்வரிசைக்காரர்கள் ஆறு போட்டதால் எப்படியோ ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதிக்கு லோர்கனை நிறுத்துவது என்று ஃபின்டன் உட்பட தேர்வாளர்கள் மூன்று பேரும் திங்கட்கிழமை முடிவு செய்தார்கள். லோர்கன் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரன்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பட்டியலை வாசிப்பார்கள். உட்கார வைக்கப்படுகிறவனுக்கு அதற்கு முன்பே தேர்வாளர் ஒருவர் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். பட்டியல் வாசிக்கும்போதுதான் ஒருவனுக்குத் தெரிய வருகிறது என்றால், ஊர் அதைத் தலைமுறைக்கும் மறக்காது.

"நீயே சொல்லிடு," என்றார் தேர்வாளர்களில் ஒருவரான பயிற்சியாளர் எண்டா ஸ்கல்லி, ஃபின்டனிடம். "கோல் கீப்பர் மனசு கோல் கீப்பருக்குத்தான் தெரியும்."

"எனக்கு எப்படிய்யா தெரியும்? பதினாறு வருஷம் நின்னேன். ஒரு ஆட்டம்கூட என்னை யாரும் உட்கார வைக்கலை."

மூன்றாவது தேர்வாளர் கஸ் லாஃபி, எண்பது வயது. நாற்பது வருடமாக அந்த வேலையில் இருக்கிறார். "ம்" என்றார். அவர் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

மேட்டி வந்து ஜீப் கண்ணாடியைத் தட்டினான்.

"புல்லுக்காகத்தானே வந்தீங்க? காலையில மெஷினோட வந்து உருட்டிக் கட்டிக் குடுத்துடறேன்."

ஃபின்டனின் பன்னிரண்டு ஏக்கர் புல் வெட்டிக் கிடந்தது; மழைக்கு முன் மேட்டியின் மெஷின் வந்து கட்டாக உருட்டித் தர வேண்டும். குளிர்காலம் முழுக்க மாடுகளுக்கு அதுதான்.

"புல் கிடக்கட்டும். முட்டி எப்படி இருக்கு?"

"எந்த முட்டி?"

"ரெண்டும்தான்."

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"இல்ல... ஞாயித்துக்கிழமை வருது. முட்டிக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தா என்னன்னு."

மேட்டி அவரையே பார்த்தான். "என் முட்டியை விசாரிக்க வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. எங்க அப்பாகூடக் கேட்டதில்லை. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்."

ஃபின்டன் மூன்று கோப்பை டீ குடித்தார். வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டு துண்டு. அந்த வாக்கியம் ரொட்டியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. தான் ஆடிய காலத்தில் கஸ் லாஃபியும் இப்படித்தான் பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வருவார், முட்டியை விசாரிப்பார், மூன்று டீ குடித்துவிட்டுப் போவார் என்பது ஞாபகம் வந்தது. அக்கறை உள்ள மனிதர்.

புதன்கிழமை காலை மெஷின் வரவில்லை. மழை வந்தது. ஃபின்டன் போன் செய்தார்.

"டிராக்டர்ல ஏறி இறங்கறது முட்டிக்கு ஆகாதில்ல," என்றான் மேட்டி. "இந்த வாரம் மொத்த வேலையையும் நிறுத்திட்டேன். நீங்க சொன்னா சொன்னதுதான்."

அவர் மனைவி பிரீடா ஜன்னல் வழியாக நனைகிற புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்டச் சொன்னியா, இல்லையா?"

"பாதி சொன்னேன்."

"எந்தப் பாதி?"

"முட்டி."

பிரீடா திரைச்சீலையை இழுத்து மூடினாள். "வாயால வரலைன்னா எழுதிக் குடுத்துத் தொலையேன்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாதிரிக்கு ஒரு கடிதமும் சமையலறைச் சுவரிலேயே இருந்தது. ஃபின்டன் ஆடத் தொடங்கிய நாலாம் வருடம் தேர்வாளர்கள் சார்பில் கஸ் எழுதியது. கோல்வாயில் நீ நிற்பதைப் பார்த்தாலே ஊருக்குப் பாதி உயிர் வரும் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்கப் பாராட்டு. வந்த அன்றே, கண்ணைத் துடைத்த கையோடு, ஃபின்டன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

"கீழே ஒரு கையெழுத்துக்கூட இல்லை பாரு," என்று பிரீடா அப்போதே சொன்னாள்.

"தன்னடக்கம்," என்றார் ஃபின்டன்.

அதைப் பார்த்தே எழுதினார். ஒருவனை உட்கார வைக்குமுன் நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். நாலு வார்த்தை இருபத்தாறு வரி ஆயிற்று. தாளைத் திருப்பி, 'ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உன்னை ஆடவைக்க முடியாத நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேட்டி வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு, மழையில் ஓடி வந்து ஜீப்பில் ஏறினார். முட்டி வலித்தது.

எண்டா போன் செய்தார். "சொல்லியாச்சா?"

"எழுத்துலயே குடுத்தாச்சு."

"எப்படி எடுத்துக்கிட்டான்?"

"நல்லபடியா," என்றார் ஃபின்டன். அது ஒரு ஊகம்.

வியாழக்கிழமை சாயங்காலம் உடைமாற்றும் அறையில் அவருடைய கடிதம் சுவரில் ஒட்டியிருந்தது. நாலு பக்கமும் அகலமான டேப். பாராட்டுப் பக்கம் அறையைப் பார்த்து இருந்தது. மற்றப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது.

"கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள கண்ணு நிறைஞ்சிடுச்சு ஃபின்டன்," என்றான் மேட்டி. "அதுக்கு மேல என்னால முடியலை. நேரா கொண்டுவந்து ஒட்டிட்டேன். பசங்களும் படிக்கட்டும்."

"பின்னாடி..." என்றார் ஃபின்டன்.

"பின்னாடி நிக்கறவன் அருமை யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

எண்டா வந்து மேட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெரிய மனசுப்பா உனக்கு. வேற ஒருத்தனா இருந்தா இன்னிக்குப் பயிற்சிக்கே வந்திருக்க மாட்டான்."

"ஏன் வராம?" என்றான் மேட்டி. "ஓய்வெடுத்ததுல முட்டி இப்ப இரும்பு மாதிரி இருக்கு."

எண்டா கையை விடவில்லை. முகம் மட்டும் ஃபின்டன் பக்கம் மெதுவாகத் திரும்பியது.

அப்போது லோர்கன் சீருடையிலேயே எட்டிப் பார்த்தான். "சீக்கிரமே வந்துட்டேன், கடிதத்தைப் படிச்சேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை, அவரே நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை டியூட்டிக்கு ஸ்டேஷன்ல ஆள் தேடிக்கிட்டிருந்தாங்க. நான் பார்க்கறேன்னு சொல்லிட்டேன். இனிமே மாத்த முடியாது."

சட்டைகள் அடுக்கி வைக்கும் சின்ன அறையில் மூன்று தேர்வாளர்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே யாரோ கடிதத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வாக்கியம்யா," என்றார் எண்டா. "மூணு நாள் இருந்துச்சு. முப்பது வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் இறுதி ஆட்டம் கண்ணுல தெரியுது. காலிடுக்குல கோல் விடறவன் போலீஸ்காரனையே ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டான்."

ஃபின்டன் ஈரத் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் விலகிக்கறேன். இந்த வேலைக்கு நான் ஆள் இல்லை. நான் ஆடினப்ப இருந்த தேர்வாளருங்க மனசுல இருக்கறதை முகத்துக்கு நேரா சொன்னாங்க. நல்லா ஆடினா நல்லா ஆடினேன்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு அந்தத் தைரியம் வரலை."

கஸ் லாஃபி பட்டியலை மடியில் வைத்து, ஒன்றாம் எண்ணுக்கு நேரே மேட்டியின் பெயரை எழுதினார். நிதானமாகப் பேனாவை மூடினார்.

"உன் வீட்டுச் சுவர்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கியே," என்றார், "நான் எழுதின அந்தக் கடிதமும் ரெண்டு பக்கம்தான்."