நீர் இடதோ, வலதோ?

ஐரோப்பிய அரசியல் தெரியாததால் எனக்கு ஒரு கல்யாணம் தவறிப்போகப் பார்த்தது. மொன்றியலில் குளிரைப் பற்றிக் கதைத்தே ஆயுளை ஓட்டிவிடலாம் என்று நம்பியிருந்தவன் நான். பாரிசிலிருந்து ஒரு மாமனார் வந்து இறங்குவார் என்று யார் கண்டது?

டிலானி பாரிசில் பிறந்து இங்கே படிக்க வந்தவள். அவளென்றால் எனக்கு உயிர். (இப்போதும்தான். பக்கத்திலிருந்து வாசிக்கிறாள்.) என்னை நேரில் பார்த்த பிறகுதான் சம்மதம் என்று அவளுடைய அப்பா விமானம் ஏறிவிட்டார். அகதியாகப் போய், உணவகக் குசினியில் கோப்பை கழுவி, பிறகு தொழிற்சங்கம், ஊர்வலம் என்று திரிகிற மனிதர். இதையெல்லாம் டிலானி முன்கூட்டியே சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. நான் இடக்கைக்காரன். "அந்த மனிசனுக்கு முன்னால இடக்கையால சாப்பிட்டு என்ர மானத்தை வாங்கிப்போடாதை" என்று காலையிலிருந்து ஓதினார். ஓதிவிட்டு நண்டுக்கறி சமைத்தார், பாருங்கள்.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வலக்கையால் நண்டோடு மல்லுக்கட்டினேன். ஒரு நண்டுக்கால் வழுக்கி அவருடைய தண்ணீர்க் கிளாசுக்குள் விழுந்தது. அவர் பெருந்தன்மையாக அதைக் கவனிக்காமல் ஐரோப்பாவைப் பற்றிக் கதைத்தார். பென்சன் வயதைக் கூட்டப் பார்க்கிறார்களாம், எல்லையைப் பூட்டு என்கிறார்களாம். நான் தலையாட்டினேன். சட்டென்று கேட்டார்.

"தம்பி, நீர் இடதோ, வலதோ?"

நண்டுக்கால் காட்டிக்கொடுத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"வலது, அங்கிள். சின்னனில இடது இருந்தது. அம்மா அடிச்சுத் திருத்திப்போட்டா."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பெருமையாகச் சிரித்தார்.

"இப்ப முழுக்க வலதோ?"

"ஓம் அங்கிள். இடதெண்டால் நாலு பேருக்கு முன்னால மரியாதை இல்லைத்தானே."

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அகதியளை உள்ளுக்கு விடாதை எண்டு கத்துற ஆக்களோட நிக்கிற பெடியனுக்கு நான் பிள்ளையைக் குடுக்கேலாது. என்னை ஒரு நாடு உள்ளுக்கு விட்டபடியாத்தான் இவள் இருக்கிறாள்." மகளின் பக்கம் திரும்பினார். "டிலானி, வெளிக்கிடு பிள்ளை."

டிலானியின் கண் நிறைந்துவிட்டது.

"அங்கிள், நான் கையைச் சொன்னனான்."

அவருக்கு விளங்கவில்லை. அம்மாவின் மானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இடக்கையால் நண்டை எடுத்து ஒரே அழுத்தில் உடைத்துக் காட்டினேன்.

மனிதர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏனக்கா இந்தப் பிள்ளையை அடிச்சனீங்கள்? நீர் உம்மட கையால சாப்பிடும், தம்பி."

அன்றைக்கு நான் தின்ற நண்டுக்குக் கணக்கில்லை.

இப்போது கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிற எங்கள் மகள் இடக்கையால் படம் கீறுகிறாள். எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் பென்சிலை அந்தக் கையில் எடுத்துக் கொடுப்பதே என் அம்மாதான். ஐரோப்பாவில் எங்கே தேர்தல் முடிந்தாலும் மாமாவிடமிருந்து வீடியோ அழைப்பு வரும். போன முறை குரல் சோர்ந்திருந்தது.

"இஞ்ச எல்லாம் தோத்துப்போச்சு, தம்பி. அங்க இடது எப்பிடி?"

கீறிக்கொண்டிருந்த மகளின் பக்கம் போனைத் திருப்பி, என் இடக்கையையும் தூக்கிக் காட்டினேன்.

"மூண்டில ரெண்டு, மாமா. எங்கட வீட்டில நீங்கள்தான் வெண்டிருக்கிறியள்."