ஜாஸ்பரின் வம்சம்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கல்லுக்காக இரண்டு பெண்கள் மல்லுக்கட்டிய கதை சொல்கிறேன்.

"வினிகரை ஊத்தாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் வில்ஃப்.

அவர் மனைவி மார்ஜரி பென்னக் தேய்ப்பதை நிறுத்தவில்லை. லாங் மெடோ என்ற வயலோரம், முள்வேலிக்கடியில் கிடந்த எழுத்துப் பொறித்த பழைய கல் அது. பாசியோடு சேர்ந்து கடைசி வரியும் கரைந்து போயிருந்தது.

"மிச்சம் போதும்" என்று வாசித்தாள். "'இங்கே உறங்குகிறான் ஜாஸ்பர். வாழ்நாளெல்லாம் இந்த மண்ணை உழுதவன். ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவன்.' என் கொள்ளுத்தாத்தாதான் வில்ஃப். இந்த ஊர்ல உழுதவர்னு அப்பா சொல்லுவாரே."

"ஜாஸ்பர்னு பேரைச் சொன்னாரா?"

"சொல்லல. அதான் இப்பத் தெரிஞ்சிடுச்சே."

குடிவந்து முப்பது வருஷமாகியும் ஊருக்கு அவள் வெளியூர்க்காரிதான். அறுவடைத் திருவிழாவன்று கதிர்க்கட்டு போலச் சுட்ட பெரிய ரொட்டியைத் தேவாலயத்துக்குள் ஏந்திப் போவது பழைய விவசாயக் குடும்பத்தின் உரிமை. வருஷா வருஷம் ஏந்துபவள் அகதா டஃப்னெல். இந்த வருஷம் நான்தான் என்று மார்ஜரி ஒற்றைக்காலில் நின்றாள்.

பாதிரியாரிடம் காட்டக் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். வண்டி நேராகப் போய் அகதாவின் ரோஜாப் பாத்தியில் கவிழ்ந்தது.

அகதா வந்து ரோஜாவைப் பார்த்தாள், கல்லைப் படித்தாள்.

"இது எங்க வயல்ல கிடந்த கல்லு. ஜாஸ்பர் எங்க முன்னோரு."

"எதிர்த்துப் பேசாதவன்னு போட்டிருக்கு அகதா. உங்க வீட்டுல அப்படி யாரு?"

"உழுதவன்னும் போட்டிருக்கு. உன் புருஷன் பூந்தொட்டியக்கூடக் கிளறினதில்லையே."

பாதிரியார் இருவருக்கும் டீ கொடுத்தார். "ரெண்டு பேருமே சேர்ந்து ஏந்தலாமே?"

"முடியாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றுதான் அவர்கள் முதல்முறையாக ஒத்துப்போனது.

சாட்சி வேண்டும் என்று முடிவெடுத்தாள் மார்ஜரி. லாங் மெடோ வயலில் ஏர் ஓட்டியவரின் மகன், கிழவர் செத் ஆரின், பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருந்தார். திருவிழாவன்று அவரைக் காரில் தூக்கி உட்கார வைத்துக் கூட்டி வந்துவிட்டாள்.

தேவாலய வாசலில் பூசணியும் ஆப்பிளும் குவிந்திருந்தன. ஊரே நின்றது. ரொட்டியின் ஒரு முனை மார்ஜரி கையில், மறுமுனை அகதா கையில்.

"இந்த மூக்கைப் பாருங்க" என்றாள் அகதா. "இவ்வளவு நீள மூக்கு எங்க ஜாஸ்பர் வழி வந்ததுன்னு அம்மா சொல்லுவாங்க."

"என் பல்லைப் பாருங்க" என்று மார்ஜரி வாயைத் திறந்து காட்டினாள். "இது அப்படியே ஜாஸ்பர் பல்லு. ஐயா, நீங்க பார்த்திருப்பீங்க. நாங்க ரெண்டு பேர்ல ஜாஸ்பர் வம்சம் யாரு? சபையில சொல்லுங்க."

செத் கிழவர் கைத்தடியை ஊன்றி முன்னால் சாய்ந்தார். மூக்கைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார்.

"ஜாஸ்பர் எங்கப்பா ஏர்ல பூட்டின குதிரைம்மா" என்றார். "அதுவும் காயடிச்ச குதிரை."

உங்கள் வீட்டு வம்சம் தழைக்கட்டும், கண்ணுகளா. உங்கள் அடுப்பில் வெந்த ரொட்டியை ஏந்த எப்போதும் சண்டையில்லாமல் நாலு கை நீளட்டும்.