தேவநாதனின் இடது கை

ஆறாவது கையும் வாத்துக்கால் ஆகிவிட்டது. ஐந்து விரல்களும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் விரிவுரையாளர் தேவநாதன் மனம் தளரவில்லை. அந்த வழக்கமே அவருக்குக் கிடையாது. உருகிய மெழுகைப் படலம் படலமாக அடுக்கி, அச்சே இல்லாமல் எந்தப் பொருளையும் உருவாக்கும் எந்திரம் அவர் செய்தது. சோதனைக்காகத் தம் இடது கையையே அளவெடுத்து, படலத்துக்கு ஒன்றாகத் தகரத் தகடுகள் வெட்டி வைத்திருந்தார். தகட்டின் வடிவத்தைத் தடவிக்கொண்டே எந்திரம் மெழுகை ஊற்றும்.

1987 ஏப்ரல். நாளை மதியம் பெங்களூரிலிருந்து நிபுணர் வருகிறார். கை அவருக்குப் பிடித்துவிட்டால் தேவநாதனுக்கு அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. இல்லாவிட்டால் ரிட்டயராகும்வரை முதலாண்டுப் பையன்களுக்கு ஊசலை ஆட்டிக் காட்டவேண்டியதுதான்.

"சார், இந்த வெய்யில்ல..." என்று ஆரம்பித்தார் அட்டெண்டர் கண்ணையன்.

"கண்ணையா, நீ பிசிக்ஸ் படிச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"அப்ப ஃபேனை எடுத்துக்கினு வா."

ஃபேன் காற்றில் ஏழாவது கை, பஸ்ஸை நிறுத்துவதுபோல் ஒரு பக்கமாக வளைந்து நின்றது. அடுத்து ஐஸ் கட்டிகளைச் சுற்றிலும் வைத்தார்கள். எட்டாவது கையில் படலங்கள் ஒட்டவே இல்லை. தொட்டதும் சுண்டுவிரல் கண்ணையனோடு வந்துவிட்டது.

"சார், நான் இன்னா சொல்ல வர்றேன்னா..."

"பிசிக்ஸ்?"

கண்ணையன் விரலை மேஜைமேல் வைத்தார்.

தேவநாதன் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். திண்டிவனத்தில் மெழுகுக் கை வாங்கினால் விஷயம் தெரிந்துவிடும். மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மெழுகில் செய்த கை, கால்களைக் காணிக்கை வைப்பார்கள். இருதயராஜின் மெழுகுவத்திக் கடையில் அவை வரிசையாக இருந்தன.

"கை ஒண்ணு குடுங்க."

"வலிங்களா சார்?"

"வேலை."

"நம்ம கைக்குத்தான் இப்ப கிராக்கி. ரெண்டு மாசமா மத்த கடைக்காரனெல்லாம் பேஜாராகி உக்காந்துக்கினு இருக்கான். ஆனா எல்லாம் எடது கைதான் சார். வலது கை வலின்னு வர்றவங்களுக்கும் அதையேதான் குடுக்கிறேன். மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும், படலம்போலத் தெரியட்டும் என்று கையின்மேல் சீப்பால் கோடு கீற உட்கார்ந்தார். கோடுகள் ஏற்கெனவே இருந்தன. 'மட்டமான அச்சு போலிருக்கிறது' என்று நினைத்து, சீப்பை வீணாக்காமல் தலையை வாரிக்கொண்டார். சுண்டுவிரல்கூட அவருடையதைப் போலவே சற்றுக் கோணல். உலகத்தில் எல்லார் கையும் ஒன்றுதான் என்று ஒரு தத்துவமும் உதித்தது.

மறுநாள் நிபுணர் சக்கரபாணி கையைத் திருப்பித் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அசல் அடுக்கு! பிரமாதம், மிஸ்டர் தேவநாதன்."

பெங்களூரிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு என்று தேவநாதன் பெருமூச்சு விட்டார்.

"எங்கே, என் கண்முன்னாடி இன்னொண்ணு போடுங்க. உடனே ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

தேவநாதனின் தன்னம்பிக்கை முதல்முறையாக உருகத் தொடங்கியது. அவர் தப்பிக்கக் கதவைப் பார்த்தார். கதவருகே நின்ற கண்ணையன், இந்தத் தடவை பிசிக்ஸுக்குக் காத்திராமல் நேரே வந்து காதில் சொன்னார்:

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வரச்சொல்லுங்க சார். வெய்யில் ஏறிச்சின்னா மெழுகு ஒழுகும். இருதயராஜ் கடைக்கு ரெண்டு மாசமா அந்த நேரத்துலதான் நம்ம மிசின்ல கை போட்டுக் குடுத்துக்கினு இருக்கேன்."