கைக்குட்டை இறங்குவதற்குள் மறைந்த நட்சத்திரம்

தாளில் எழுதியிருந்தால்தான் உலகம் நடக்கும் என்று நம்புகிற பிறவி ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூத்துக்குடியில் அந்தப் பிறவிக்குத் தாணுலிங்கம் என்று பெயர், துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை. குழம்பில் உப்புக் கூடிவிட்டதா என்று மனைவி கேட்டால், எத்தனை சிட்டிகை போட்டாய் என்று விசாரித்துவிட்டுத்தான் முகம் சுளிப்பார்.

யுத்தம் முடிந்த வருஷம், கார்த்திகையில், நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. மறையும் விநாடியை நான்கு தூரக்கண்ணாடிகளில் ஒரே சமயத்தில் பிடித்து அனுப்பினால் அறிக்கையில் பெயர் போடுவதாக வானாராய்ச்சிக் கூடத்தார் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகப் பதினோரு வருஷம் ஏங்கியவர் விடுவாரா? தோணிக்காரர்களிடம் கண்ணாடிகளை இரவல் வாங்கி, கடற்கரையில் வரிசையாக நிறுத்தி, லாகரிதப் புத்தகம் கிழியும்வரை புரட்டி, எந்த நிமிஷம் எத்தனை பாகை திருப்ப வேண்டும், எப்போது இருமலாம் என்பதுவரை ஆளுக்கொரு கட்டளைத் தாள் எழுதிக் கொடுத்தார். அவர் சிவப்புக் கைக்குட்டையை இறக்கும்வரை ஒருவரும் கண்ணாடியைத் தொடக்கூடாது.

சாயங்காலம் ஆறரை மணி. முதல் கண்ணாடியில் நின்ற காயல்பட்டணத்துத் தோணித் தலைவர், தண்டல் முத்துவாப்பா, வெறுங்கண்ணால் மேலே பார்த்தார்.

“அண்ணாச்சி, நட்சத்திரம் நிலாவ முட்டப் போவுது. திருப்பட்டா?”

“கைய எடும் வே! இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு.”

“நான் கண்ணால பாக்கேன்லா!”

“நான் கணக்குல பாக்கேன்.”

தாணுலிங்கம் தலையை நிமிர்த்தவில்லை. ஏழாவது தசம ஸ்தானத்தை மூன்றாம் முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“போச்சு,” என்றார் முத்துவாப்பா.

அடுத்த கண்ணாடியில் நின்ற ஞானையா வாத்தியார் தாணுலிங்கத்தின் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “அண்ணாச்சி, யுத்தத்துக்காகக் கடியாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிருந்தாவள்லா? அத போன மாசமே பழையபடி ஆக்கியாச்சே! நீங்க அந்த ஒரு மணியையும் சேத்துல்லா கணக்குப் போட்டிருக்கீய!”

பதினோரு வருஷம்! பாவம், மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது. ஆனால் அந்தப் பிறவி அழுமா? இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே நின்று, தாளில் கண்ட விநாடியில் கைக்குட்டையை இறக்கினார். நான்கு கண்ணாடிகளும் ஒரே சீராக வெறும் வானத்தை நோக்கித் திரும்பின.

மறுநாள் தபாலில் கடிதம் போயிற்று: ‘நட்சத்திரம் ஒரு மணி நேரம் முந்திவிட்டது. தக்க நடவடிக்கை எடுக்கவும்.’ அறிக்கையில் அவர் பெயர் வரவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்றைய மழையில் முற்றத்தில் நின்றுகொண்டு, ‘இன்றைக்கு மழை இல்லை என்றல்லவா போட்டிருக்கிறது’ என்று பஞ்சாங்கத்தைப் புரட்டியது யார்? மறுக்க வேண்டாம். உங்கள் பஞ்சாங்கம் இன்னும் கொடியில் காய்கிறது.