வாரக்கூடாத இலைகள்

அன்புத் தங்கை வெர்னாவுக்கு அண்ணன் எல்வுட் எழுதுவது. இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. நான் நலம். நீயும் ஹெர்மனும் நலமென்று நம்புகிறேன்.

அப்பாவால் வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்கு வரச் சொல்லுங்கள் என்று என் மகள் கொரின் உன்னிடம் அழுதாளாம். வாசலில் கிடந்த இலைதான் அவளுக்குச் சாட்சி. மேப்பிள் மரம் உதிர்த்ததை நான் வாரவில்லை என்பது உண்மைதான். வாரவும் கூடாது. இலை காய்ந்ததும் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியை உயர்த்தி, நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை ஓட்டினால் அத்தனையும் தூளாகிப் புல்லுக்குள் இறங்கிவிடும், அதுவே உரம். இதை நானாகச் செய்து பார்த்துக் கற்றேன். ஆனால் எங்கள் தெருவில் இலை வாராத வீடென்றால் உள்ளே யாரோ படுத்த படுக்கை என்று நினைத்துக்கொள்வார்கள். ஈரம் காயட்டும் என்று நான் காத்திருக்க, சனிக்கிழமை தேவாலயத்துக் கூட்டம் ஒன்று வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எல்லாவற்றையும் வாரித் தெருவோரம் குவித்துவிட்டு, பூசணி ரொட்டியும், சீக்கிரம் குணமாகுங்கள் என்று போதகர் கையெழுத்திட்ட ஓர் அட்டையும் வைத்துவிட்டுப் போனது. அதை யாரோ படம் பிடித்துக் கொரினுக்கு அனுப்பியும் விட்டார்கள்.

தெருவோரக் குவியலை அள்ளும் நகராட்சி வண்டி வருமுன் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பக்கத்து வீட்டு டெல்மர் பார்த்துவிட்டான்.

“என்னப்பா எல்வுட், ஊரே இலைய வெளிய தள்ளுது, நீ உள்ள கொண்டுபோறியா?”

“என் மரத்து இலை. ஒனக்கென்ன?”

“எனக்கொண்ணுமில்ல. ஒம் பொண்ணு கேட்டா என்ன சொல்லட்டும்? அப்பனுக்குக் கிறுக்குன்னா?”

“இங்கயேதான் கெடப்பான்னு சொல்லு.”

மாலைக்குள் இலை முழுக்கப் புல்லுக்குத் திரும்பிவிட்டது. இயந்திரமும் ஓடி முடித்தது. குனிந்து பார்த்தால்தான் தூள் தெரியும். அது உன் அண்ணி ஆர்டிஸ் நட்ட மரம், வெர்னா. அவள் போன பிறகு வரும் முதல் இலையுதிர் காலம் இது. அந்த இலையை எவனோ வண்டியில் அள்ளிப்போக நான் விடமாட்டேன். தன் இலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு முதியோர் குடியிருப்பு எதற்கு? வீடு விற்பனைக்கு இல்லை. இதைக் கொரினிடம் நீயே சொல்.

இந்தப் பனிக்காலத்திலும் உங்கள் கூரையைத் தேவன் தாங்கட்டும்.

உன் அண்ணன்,
எல்வுட்

பி.கு.: தார்ப்பாயைத் தூக்கியதுமே இடுப்பு பிடித்துக்கொண்டது. இழுத்தது, பரப்பியது, இயந்திரம் தள்ளியது எல்லாம் டெல்மர்தான். நான் நாற்காலியில் இருந்தேன். ஆனால் எங்கே தள்ள வேண்டும் என்று சொன்னது நான். இதைக் கொரினிடம் சொல்லாதே.